ஓப்பன்பிஎஸ்டி மேசைக்கணினி

ஓப்பன்பிஎஸ்டி, யூனிக்ஸ் மரபில் வந்த திறமூல இயங்குதளம். பாதுகாப்பை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பது. கனடாவின் கால்கரி நகரை மையமாகக் கொண்டு, தியோ டி ராட் தலைமையில் 1995 முதல் உருவாகி வருகிறது. ஃபயர்வால், ரவுட்டர், அஞ்சல் சர்வர் என்று யார் கண்ணிலும் படாமல் ஓடும் இயந்திரங்களோடுதான் அதன் பெயரைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் அதை எழுதுபவர்கள் தங்கள் மடிக்கணினியில் அஞ்சல் பார்ப்பதும் இணையத்தில் உலவுவதும் நிரல் எழுதுவதும் அதிலேதான். அதன் பாதுகாப்புக் கொள்கை மிகக் கடுமையாக உரசிப் பார்க்கப்பட்டதும் சர்வரில் அல்ல. வரைகலைத் திரையிலும் உலாவியிலும்தான்.

தோற்றம்

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி யூனிக்ஸின் வழித்தோன்றலாக 1993இல் நெட்பிஎஸ்டி பிறந்தது. அதைத் தொடங்கிய நால்வரில் டி ராட் ஒருவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கனடாவில் குடியேறியவர். 1994 டிசம்பரில் சக நிறுவனர்கள் அவரை மையக் குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் அஞ்சலில் வாதாடிப் பார்த்துவிட்டு, 1995 அக்டோபரில் நெட்பிஎஸ்டி நிரலை எடுத்துக்கொண்டு தனிக்கடை போட்டார்.

புதிய திட்டம் முதலில் செய்த காரியம் அதன் குணத்தைக் காட்டியது. அந்நாளில் திறமூலத் திட்டங்களில்கூட உள்வட்டத்தார் மட்டுமே மாற்றங்களை உடனுக்குடன் பார்க்க முடியும். வெளியாருக்கு அவ்வப்போது வரும் தொகுப்புதான் கிடைக்கும். ஓப்பன்பிஎஸ்டி தன் மூலநிரல் களஞ்சியத்தை, ஒவ்வொரு திருத்தத்தோடும், யார் வேண்டுமானாலும் இணையம் வழியே படிக்கும்படி திறந்துவைத்தது. பெயரில் உள்ள ‘ஓப்பன்’ இதைத்தான் குறித்தது.

1996இல் தணிக்கை தொடங்கியது. ஒரு சிறு குழு கோப்பு கோப்பாக உட்கார்ந்து வழு தேடியது. பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் தேடவில்லை. எந்த வழுவும் நாளைக்கு ஓட்டையாகலாம் என்பதே அவர்கள் கணக்கு. கனடாவில் இருந்ததும் வசதியாயிற்று: அமெரிக்கா குறியாக்க நிரல்களை அப்போது போர்த்தளவாடங்களாகக் கருதி ஏற்றுமதியைத் தடுத்தது, கால்கரியிலிருந்து அவற்றை உலகுக்கு அனுப்பத் தடை இல்லை. 1999 டிசம்பரில் 2.6ஆம் வெளியீட்டோடு வந்த ஓப்பன்எஸ்எஸ்எச், இன்று இந்த இயங்குதளத்தின் பெயரைக்கூடக் கேட்டிராதவர்களின் கணினிகளிலும் இருக்கிறது.

திட்டத்தின் முகப்பில் நெடுங்காலமாக ஒரு பெருமை பொறிக்கப்பட்டிருக்கிறது: இயல்பான நிறுவலில், தொலைவிலிருந்து புகக்கூடிய ஓட்டைகள் இதுவரை இரண்டே இரண்டு. முதலாவது 2002இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலும், இரண்டாவது 2007இல் ஐபிவி6 நிரலிலும் கண்டறியப்பட்டன. இந்தப் பெருமை உண்மைதான். ஆனால் மேசைக்கணினிக்காரர் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இயல்பான நிறுவலில் உலாவி கிடையாது, அலுவலகச் செயலிகள் கிடையாது. பொதித் தொகுப்பிலிருந்து குரோமியத்தை நிறுவிய நிமிடமே பயனர் அந்தப் பொறிப்பின் எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

எக்ஸ் என்ற தலைவலி

யூனிக்ஸ் உலகில் திரையில் சாளரம் வரைவது எக்ஸ் சர்வரின் வேலை. பழைய எக்ஸ், வரைகலை அட்டையைக் கெர்னலைக் கேட்காமல் தானே நேரடியாகத் தொட்டு இயக்கியது. அதற்கு ரூட் அதிகாரமும் கணினியின் பௌதிக நினைவகத்தை எட்டும் உரிமையும் வேண்டும். கெர்னலைச் சுற்றி எவ்வளவு மதில் எழுப்பினாலும், இப்படி ஒரு பெரிய பழைய நிரலுக்கு உள்ளே வர வழிவிட்டே ஆகவேண்டும் என்ற நிலை.

ஓப்பன்பிஎஸ்டி இதை ஒரு கேள்வியாக மாற்றியது. நிறுவும்போதே, இந்தக் கணினியில் எக்ஸ் ஓட்டப்போகிறீர்களா என்று கேட்கும். ‘ஆம்’ என்றால் மட்டும் அபெர்ச்சர் எனப்படும் இயக்கி வழியே வரைகலை அட்டைக்கான நினைவகப் பகுதி திறக்கப்படும். பிரான்ஸைச் சேர்ந்த மத்தியூ ஹெர், எக்ஸ் சர்வரை இரண்டாகப் பிளந்தார்: ரூட் அதிகாரம் தேவைப்படும் சிறு பகுதி தனியே, மற்றதெல்லாம் அதிகாரம் இழந்த சாதாரணப் பயனராக. 2007 நவம்பரில் வந்த 4.2ஆம் வெளியீட்டில் இவையெல்லாம் ஜெனோகாரா என்ற பெயரில், எக்ஸ்.ஆர்க் நிரலின் சொந்தப் பராமரிப்புப் பதிப்பாக அடிப்படை அமைப்போடு சேர்ந்தன.

இவ்வளவு செய்தும் போதவில்லை. 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர் லோயிக் டுஃப்லோ, எடுத்துக்காட்டுக்கு ஓப்பன்பிஎஸ்டியையே எடுத்துக்கொண்டு ஒரு தாக்குதலைச் செய்துகாட்டினார். எக்ஸ் சர்வருக்குக் கொடுத்த வன்பொருள் அனுமதி கையில் கிடைத்தால், இன்டெல் சில்லுக்குள் இயங்குதளத்தின் பார்வைக்கே வராமல் இருக்கும் மேலாண்மை நிலை ஒன்றின் வழியாகக் கெர்னலின் காவலை மீறிவிடலாம் என்பது அதன் சாரம். குறை ஒரு வரியில் இல்லை, அமைப்பிலேயே இருந்தது.

தீர்வு வர ஏழு ஆண்டுகள் ஆயின. 2013இல் மார்க் கெட்டெனிஸ், ஜொனாதன் கிரே ஆகியோரின் உழைப்பில் இன்டெல், ரேடியான் அட்டைகளைக் கெர்னலே இயக்கும் முறை வந்தது. லினக்ஸில் தாராள உரிமத்தின் கீழ் எழுதப்பட்ட வரைகலை இயக்கிகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதன்பின் எக்ஸ் வன்பொருளைத் தொட வேண்டிய அவசியம் குறைந்தது. ஆனாலும் ரூட்டாகத் தொடங்கும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2018 அக்டோபரில் 6.4 வெளியாகி ஒரே வாரத்தில் எக்ஸ் சர்வரில் ஒரு வழு பகிரங்கமானது: கட்டளை வரியில் பதிவுக்கோப்பின் பெயரை மாற்றிக் கொடுத்தே சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். முன்கூட்டித் தங்களுக்குச் சொல்லவில்லை என்று டி ராட் வெளிப்படையாகக் கோபப்பட்டார். 2019 ஏப்ரலில் வந்த 6.5இல் அந்தச் சிறப்பு அதிகாரமே அகற்றப்பட்டது. சீனோடிஎம் என்ற உள்நுழைவுத் திரை வழியாக எக்ஸைத் தொடங்குவதே வழியாயிற்று.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. லினக்ஸிலிருந்து வந்த வரைகலை நிரல் இன்று ஓப்பன்பிஎஸ்டி கெர்னல் மூலநிரலின் மிகப் பெரிய பகுதிகளில் ஒன்று. வரி வரியாகப் படித்துத் தணிக்கை செய்யும் மரபுக்கு அது எட்டாத அளவு. மேசைக்கணினி வேண்டுமென்றால் இதை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று திட்டம் முடிவுசெய்துவிட்டதாகவே படுகிறது.

உறுதிமொழியும் திரையும்

2003இல் வந்த 3.3, 3.4 வெளியீடுகள் நினைவகத்துக்குள் சட்டம் கொண்டுவந்தன. ஒரு நினைவகப் பக்கத்தில் எழுதலாம் அல்லது அதை இயக்கலாம், இரண்டும் ஒருசேர முடியாது. நிரல் நூலகங்கள் ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில் ஏறும். இதனால் உடைந்துபோன மேசைச் செயலிகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ளுக்குள் உடைந்திருந்தவை என்பதுதான் வேடிக்கை. நினைவக ஒதுக்கீட்டு நிரலை ஓட்டோ மோர்பேக் திருத்தி எழுதிக் கண்டிப்பாக்கியபோது, 2008இல், யூனிக்ஸின் யாக் கருவியில் 1975 முதல் தூங்கிக்கொண்டிருந்த வழு ஒன்று அகப்பட்டது. அதற்கு அப்போது வயது 33.

இவை எல்லாம் பயனர் கண்ணுக்குத் தெரியாதவை. மேசையில் நேரடியாகத் தெரியும் மாற்றம் பிளெட்ஜ் அழைப்போடு வந்தது. 2015இல் டேம் என்ற பெயரில் தொடங்கி, 2016இல் 5.9ஆம் வெளியீட்டில் நிலைபெற்றது. ஒரு நிரல் தன் ஆயத்த வேலைகளை முடித்ததும், இனி கோப்பு படிப்பேன், பிணையத்தைத் தொடமாட்டேன் என்பதுபோலக் கெர்னலிடம் உறுதிமொழி தருகிறது. மீறினால் கெர்னல் அந்த நிரலை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். எச்சரிக்கை, கேள்வி, அனுமதிப் பெட்டி எதுவும் கிடையாது. 5.9 வெளியானபோதே அடிப்படை அமைப்பின் 707 நிரல்களில் 453 இந்த உறுதிமொழியைத் தந்திருந்தன. 2018இல் 6.4ஓடு வந்த அன்வெயில் இன்னொரு படி போனது: நிரல் தான் குறிப்பிடும் கோப்புறைகளை மட்டுமே காணும்; மற்றவை அதன் கண்ணுக்கு இல்லாதவையே.

பிறர் எழுதிய பல லட்சம் வரிகள் கொண்ட உலாவிகளுக்கும் இதைப் பூட்டியது பெரிய காரியம். குரோமியத்தைப் பராமரிக்கும் ராபர்ட் நாகியும் ஃபயர்பாக்ஸைப் பராமரிக்கும் லாண்ட்ரி ப்ரயிலும் அதைச் செய்தார்கள். விளைவைப் புதிதாக வருபவர் முதல் நாளே சந்திப்பார். அஞ்சலில் ஆவணம் ஒன்றை இணைக்கலாம் என்று உலாவியில் கோப்புப் பெட்டியைத் திறந்தால், வீட்டுக் கோப்புறை கிட்டத்தட்டக் காலி. பதிவிறக்கக் கோப்புறை மட்டும் தெரியும். எதுவும் அழியவில்லை; உலாவிக்கு அது காட்டப்படவில்லை, அவ்வளவுதான். அனுப்ப வேண்டியதைப் பதிவிறக்கக் கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு இணைக்க வேண்டும். உலாவி எவன் கையிலாவது சிக்கினாலும் எஸ்எஸ்எச் சாவிகள் அவனுக்கு எட்டா. இந்தத் தொந்தரவுக்கு அந்தப் பலன் தகும் என்பதே என் கணிப்பு. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈடிசி கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

6.4 வேறு இரண்டு விஷயங்களிலும் இதே பிடிவாதத்தைக் காட்டியது. ஒலிவாங்கி இயல்பாகவே ஊமையாக்கப்பட்டது. பயனர் ரூட்டாகத் திறந்துவிடும்வரை பதிவாவது வெறும் நிசப்தம். பின்னர் கேமராவுக்கும் இதே விதி வந்தது. இன்டெல் சில்லுகளின் ஹைப்பர்த்ரெட்டிங் வசதியும் அணைக்கப்பட்டது. வேகம் குறையும் என்று பலர் முணுமுணுத்தார்கள். அடுத்தடுத்து வெளியான சில்லு ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, ஓப்பன்பிஎஸ்டி எடுத்த முடிவே சரி என்று 2019இல் சொன்னவர் லினக்ஸ் கெர்னலின் மூத்த பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன்.

வைஃபை சண்டை

மடிக்கணினி என்றால் வைஃபை வேண்டும். 2000களின் தொடக்கத்தில் சில்லு நிறுவனங்கள் ஆவணம் தர மறுத்து, மூலநிரல் இல்லாத இருமக் கட்டிகளைக் கொடுத்தன. மற்ற திட்டங்கள் பல வாங்கிக்கொண்டன, இவர்கள் மறுத்தார்கள். ஜெர்மானியரான ரெய்க் ஃப்ளோட்டர் ஏத்தரோஸ் சில்லின் இருமக் கட்டியைப் பிரித்தறிந்து மாற்று எழுதினார். டாமியன் பெர்காமினி இன்டெல், ரேலிங்க் சில்லுகளுக்கு இயக்கிகள் எழுதினார். ஃப்ளோட்டரின் நிரலே பின்னர் லினக்ஸின் ஏத்தரோஸ் இயக்கிக்கும் அடிப்படையாயிற்று. அங்கே அதன் உரிமத்தை மாற்ற முயன்றதால் 2007இல் இரு தரப்புக்கும் பெரிய சச்சரவு எழுந்தது. இந்தச் சண்டைகளுக்கு நடுவே, 2004ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருது டி ராட்டுக்குக் கிடைத்தது. 2006 மே மாதம் வந்த 3.9, இருமக் கட்டிகளைக் கேலிசெய்யும் பாட்டோடு வெளியானது. இந்த இயங்குதளத்தின் வெளியீடுகளுக்குப் பாட்டு கட்டுவது 2001 முதல் வழக்கம்.

சில்லுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் விஷயத்தில் சமரசம் உண்டு. உரிமம் இடம் தராதவற்றை நிறுவல் தட்டில் சேர்க்காமல், பயனரின் கணினியே தனியாகப் பதிவிறக்கிக்கொள்கிறது. வைஃபை ஓட ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வர இணையம் வேண்டும். கம்பி இணைப்போ, யுஎஸ்பியில் இணைத்த ஆண்ட்ராய்டு தொலைபேசியோ இல்லாதவர் முதல் நாள் இந்த முடிச்சில் மாட்டுவார்.

அன்றாடப் பயன்பாடு

நிறுவல் இன்றும் எழுத்துத் திரைதான். பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் தட்டினால் போதும். வட்டு முழுவதையும் குறியாக்கும் வசதி 2023இல் 7.3 முதல் அந்தக் கேள்விகளில் ஒன்றானது. அடிப்படையில் கிடைக்கும் சாளர மேலாளர்கள் பழம்பாணி. எஃப்விடபிள்யூஎம் திரையைப் பார்ப்பவருக்கு 1990கள் நினைவுக்கு வரும். எக்ஸ்எஃப்சிஇ, க்னோம், கேடிஇ மூன்றும் பொதிகளாக உண்டு. 2019இல் வந்த சிஸ்அப்கிரேட் ஒற்றைக் கட்டளையில் அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை ஓட்டுவதே பராமரிப்பில் பெரும்பங்கு.

வன்பொருளில் திங்க்பேட் மடிக்கணினிகளுக்குத் தனி மரியாதை, உருவாக்குநர் பலர் கையில் இருப்பது அவைதான் என்பதால். 1999இல் கால்கரியில் தொடங்கிய ஹேக்கத்தான் கூட்டங்களுக்கு ஒவ்வொருவரும் தம் மடிக்கணினியில் அன்றைய நிரலை ஓட்டிக்கொண்டு வருவார்கள். மூடி திறந்தால் விழிக்காத கணினி மறுநாளே சரிசெய்யப்படும். ஆப்பிளின் எம்1 கணினிகளும், பெரும்பாலும் கெட்டெனிஸின் உழைப்பால், 2022இல் 7.1ஓடு பொதுப் பயன்பாட்டுக்குத் தயாராயின.

தமிழில் எழுதுபவருக்கு நிலைமை பாதி நன்று. ஜெனோகாராவோடு வரும் விசைப்பலகைத் தரவில் தமிழ்நெட் 99 அமைப்பு இருக்கிறது. எழுத்துருவை மட்டும் பொதியிலிருந்து சேர்க்க வேண்டும். உலாவியில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். எக்ஸ்டெர்ம் முனையத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அடிப்படைக் கருவிகளின் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டுமே.

இல்லாதவற்றின் பட்டியலும் நீளமானதே. என்விடியா அட்டைகளுக்கு முடுக்கப்பட்ட வரைகலை இல்லை. லினக்ஸ் நிரல்களை ஓட்டும் அடுக்கு 2016இல் 6.0ஓடு நீக்கப்பட்டது. காப்புப் பூட்டுள்ள படங்களைக் காட்டும் கூறு உலாவிகளில் இல்லாததால் நெட்ஃப்ளிக்ஸ் ஓடாது. கோப்பு முறைமையில் ஜர்னல் இல்லை. மின்சாரம் திடீரென்று போனால் அடுத்த முறை தொடங்கும்போது சரிபார்ப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும். புளூடூத் நிரல் சரியாக வேலை செய்யவில்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை என்று 2014இல் 5.6ஓடு வெட்டி எறியப்பட்டது. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. கம்பியில்லாக் காதொலிப்பான் வைத்திருப்பவர்கள், யுஎஸ்பி ஒலி அட்டையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் சிறு டாங்கிளைச் செருகிக்கொள்கிறார்கள். புளூடூத் வேலை டாங்கிளுக்குள்ளேயே முடிந்துவிடும்; கெர்னலைப் பொறுத்தவரை அது வெறும் ஒலி அட்டை.