ஞானத்தாய் என்னும் கட்டத்தில் ஒரு பெயர்

என் கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சியிருந்தவை இரண்டே செய்திகள். செபராங் பிறையில் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தார். இரண்டு பெண்மக்களை வளர்த்தார். படமில்லை, கடிதமுமில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. ஆகவே ஒரு பள்ளி விடுமுறையில், பங்குத்தந்தையின் அனுமதி பெற்று எங்கள் பழைய பங்குக் கோவிலின் பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினேன்.

கத்தோலிக்கப் பங்குகள் திருமணப் பதிவேடு வைத்தல் வேண்டும் எனத் திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் கட்டளையிட்டது. மலாயாவில் அந்நாளில் பணியாற்றிய பிரெஞ்சுக் குருமார் இவ்வேடுகளை இலத்தீனில் எழுதினர். தமிழ்ப் பெயர்களோ அவர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டுள்ளன. ஒரே தகப்பனாரின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று விதம்! வருகைப் பதிவேட்டில் பெயரைத் தவறாக எழுதிப் பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கும் உண்டு என்பதால் அவர்கள்மேல் சினம் வரவில்லை.

1893-ஆம் ஆண்டு ஏட்டில் அவருடைய திருமுழுக்கு கிடைத்தது. அதன் ஓரத்தில் வேறு மையில் 1909-இல் நடந்த திருமணத்தின் குறிப்பு. மணமக்களின் திருமுழுக்குப் பதிவிலேயே திருமணத்தையும் குறிக்கவேண்டும் என்னும் உரோமையின் ஆணை 1908-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவ்வழியே சென்று திருமண ஏட்டைக் கண்டேன். கையொப்பத்திற்கு மாறாக ஒரு சிலுவைக் கீறல். பதினாறு வயதுக் கையின் கீறல்.

எங்கும் அவர் ஒருவரின் மகள், ஒருவரின் மனைவி. ஆனால் ஞானத்தாய் என்னும் கட்டத்தில், 1911 முதல் 1917 வரை ஏழு முறை அவர் பெயரைக் கண்டேன். தோட்டத்து லயன்களில் ஏழு குடும்பங்கள் தம் பிள்ளைக்கு இவரே வேண்டும் என்று தேர்ந்திருக்கின்றன.

அடுத்து இறப்பு ஏடு. வழக்கமாக ஓராண்டின் சாவுகள் அடங்கும் பக்கங்கள், 1918 அக்டோபர், நவம்பரில் சில வாரங்களிலேயே நிரம்பிவிட்டன. உலகை உலுக்கிய இன்புளுவென்சா மலாயாவின் தோட்டங்களையும் அப்போது சூறையாடியது. ஏழு ஞானப்பிள்ளைகளுள் 1914-இல் பிறந்த ஒரு பெண்ணின் தாய் அப்பக்கங்களில் இருந்தார். நான்கு நாள் கழித்துத் தந்தை.

அப்பெண்ணின் பெயரை மீண்டும் படித்தேன். என் பாட்டியின் அக்காவின் பெயர் அது. கொள்ளுப்பாட்டி பெற்ற பிள்ளைகளைத் திருமுழுக்கு ஏட்டில் தேடினேன். ஒரே ஒரு பதிவு, 1920-இல், என் பாட்டி மட்டும்.

எண்பதைக் கடந்த அம்மாவிடம் அன்று மாலை இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"அதான் கல்லறைத் திருநாளுக்குப் போனா, பெரியம்மா மட்டும் கல்லே இல்லாத ஒரு மூலையில ரெண்டு மெழுகுவத்தி ஏத்துவாங்க. யாருக்குன்னு நாங்க கேட்டதே இல்ல" என்றார்.