கடிகாரக்காரர் கண்ட குளிர்

போன மே மாதம் மகன் குடும்பத்தோடு ஏற்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினோம். என் மனைவியின் இன்சுலினுக்காக, காரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் குளிர்பெட்டி ஒன்றை மகன் வாங்கியிருந்தான். கம்ப்ரஸர் இல்லை, கேஸ் இல்லை.

அதற்கு மூலவர் ழான் பெல்த்தியே. (பெல்ட்டியர் என்று சொன்னால் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.) 1785-இல் பிறந்த கடிகாரக்காரர். முப்பது வயதில் தொழிலை விட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து மின்சாரம் செலுத்தினால் ஓர் இணைப்பு சூடாகிறது, மற்றது குளிர்கிறது என்று 1834-இல் கண்டார். 1838-இல் ரஷ்யாவில் லென்ஸ் என்பவர் அப்படியோர் இணைப்பில் நீர்த்துளியை உறைய வைத்தார். மின்சாரத்தைத் திருப்பி விட்டதும் உருகிவிட்டது. உலோகங்களில் கிடைத்த குளிர் சொற்பம். அதனால் நூறு வருஷத்துக்கு மேல் யாரும் சீந்தவில்லை. 1950-களில் பிஸ்மத் டெல்லூரைடு போன்ற குறைகடத்திகள் வந்த பிறகே அதற்கு உயிர் வந்தது. நேர்மின்சாரத்தில் ஓடுவதால் 12 வோல்ட் கார் பேட்டரிக்கு நேராகவே பொருந்துகிறது.

ஆனால் பசி அதிகம். நாலு ஆம்பியர் இழுத்தால், 40 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் காலி. இந்தக் கணக்கை நான் போட்டது மறுநாள் காலையில்தான்! ராத்திரி முழுக்க ஓடவிட்டிருந்தோம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். மின்சாரம் நின்றதும் அதே தகடு வழியாக வெளிச்சூடு உள்ளே இறங்குமாம், பெட்டியும் வெதுவெதுப்பு.

பக்கத்துக் காரிலிருந்து ஒயர் போட்டு வண்டியைக் கிளப்பினோம். இன்சுலின் மருந்துக்கடைக்காரர் ஃபிரிட்ஜுக்குப் போயிற்று.