இலங்கை மலையகம்: காடும் குடியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக் காட்டில் வாழும் சாம்பல் நிற அணில், தென்னிந்தியாவை விட்டால் உலகில் இலங்கையில் மட்டுமே உண்டு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இரு நிலங்களும் ஒட்டியிருந்ததன் தடயம் இது. உயிரியலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே பல்லுயிர் வளப்பகுதியாகக் கணக்கிடுகிறார்கள். மழைதான் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இலங்கை மலையையும் பிரிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடருக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்குப் பருவமழையின் மிச்சமே அதற்குக் கிடைக்கிறது. இலங்கை நடுமலையின் மேற்குச் சரிவோ அந்த மழையை நேராக வாங்குகிறது. நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை, இரத்தினபுரி மாவட்டங்களில் பரந்து, பிதுருதலாகலையில் 2,524 மீட்டர் வரை உயரும் இந்த மலைகளில்தான் மகாவலியும் களனியும் வளவையும் பிறக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டன் இங்கே ஒரு தோட்டக் குடியேற்றத்தை உருவாக்கியது. இன்று மலையகம் என்று அறியப்படுவது அதன் விளைவு.

மலையகத்தின் வரலாற்றைக் காபி, தேயிலை, தொழிற்சங்கம், குடியுரிமை என்று தனித்தனியே எழுதுவது வழக்கம். அவற்றை இணைக்கும் சரடு ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1817-18இல் ஊவா, வெல்லச கலகம் அடக்கப்பட்டது. ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து அங்கே காபி சரிந்ததும், 1835இல் இலங்கைக் காபிக்கும் பிரிட்டனில் சமமான வரி கிடைத்ததும், மலைநிலத்தின் மீது முதலாளிகளின் கண்ணைத் திருப்பின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் எண் அவசரச் சட்டம் அப்போதுதான் வந்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, அரசுடைமை என்று அது அனுமானித்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றி மாற்றிச் சேனை எனும் காட்டுப்பயிர் செய்துவந்த கண்டிக் கிராமத்தார் ஆவணம் காட்ட வேண்டியவர்கள் ஆனார்கள். வாங்குபவருக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்ற நிலத்தை வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளே பலர். நிரூபிக்கும் சுமையை அங்கே வாழ்ந்தவர் தலையில் ஏற்றும் இந்த முறை காட்டோடு முடியவில்லை. நூறாண்டு கழித்து அது மனிதர்கள் மேலும் ஏறியது.

உயர்மலைகள் உண்மையிலேயே ஆளில்லாக் காடாகத்தானே கிடந்தன, யாரிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை. நான்காயிரம் அடிக்கு மேல் நிலையான ஊர்கள் மிகக் குறைவு. ஆனால் ஊர் இல்லாததால் பயன் இல்லை என்றாகிவிடாது. காட்டையே அரணாக நம்பிய கண்டி அரசர்கள் வெட்டக்கூடாத காடுகளை விலக்கி வைத்திருந்தார்கள். அடிவாரக் கிராமங்களுக்கு மேய்ச்சலும் விறகும் சேனையும் அங்கேதான். வயலுக்கு வரும் ஓடையின் தலையும் அங்கேதான். இவை எதற்கும் பத்திரம் கிடையாது, சட்டமோ பத்திரத்தைத்தான் கேட்டது. காட்டின் பிற குடிகளைக் கேட்பாரே இல்லை. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அன்று அது பெருமைக்குரிய கணக்கு. யாருக்கும் கணக்குத் தெரியாமல் போனவை சிறு உயிர்கள். உலகில் அற்றுப்போனதாகப் பட்டியலிடப்பட்ட தவளை இனங்களில் கணிசமான பங்கு இந்தத் தீவினுடையது.

காட்டை வெட்டவும் காபி பறிக்கவும் ஆட்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி ஆகியவை முக்கியமான பிறப்பிடங்கள். பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்களை அழைத்துச் சென்ற கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதியினர். காபிக் காலத்தில் இது பருவப் பயணம். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளைவரை நடக்க வேண்டும். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியில் எத்தனை பேரைக் கொன்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. ஆயிரக்கணக்கில் என்பதில் சந்தேகம் இல்லை. மொரிசியசுக்குப் போனவர்களைப்போல இவர்கள் ஒப்பந்தக் கூலிகள் அல்லர், விரும்பியே வந்தார்கள் என்று தோட்ட முதலாளிகள் அன்று வாதிட்டார்கள். சில வரலாற்றாசிரியர்களும் அதை ஏற்கிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பது சரி. அதன் இடத்தில் கடன் இருந்தது. பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கங்காணியின் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதித்தரும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் ஆளோடு போகும். 1921இல் துண்டுமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் இருந்தால் சாவு, போனால் கடன் என்றிருந்தவர்களின் பயணத்தை விருப்பம் என்ற கணக்கில் எழுதுவது சரியல்ல.

1869இல் காபி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகப் பூஞ்சை நோய் படர்ந்தது. பூஞ்சை காற்றில் பரவுவது, இடையில் காற்றைத் தடுக்கக் காடு இல்லை, மலை மலையாக ஒரே பயிர். 1880இல் ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, நோய் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த ஒற்றைப்பயிர் முறையையே காரணமாகக் காட்டினார். சுமார் இரண்டேமுக்கால் இலட்சம் ஏக்கர் வரை வளர்ந்த காபி, 1880களின் நடுவில் மடிந்தது. காபித் தோட்டங்களுக்குக் கடன் தந்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் வீழ்ந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நோயிலிருந்து கற்ற பாடம் ஒற்றைப்பயிரைக் கைவிடுவதாக இருந்திருக்கலாம்; பயிரைத்தான் மாற்றினார்கள். 1900 வாக்கில் தேயிலை 3.8 இலட்சம் ஏக்கரைத் தொட்டது. இடையில் நடந்த ஒரே நல்ல காரியம், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேலான காட்டை விற்க வந்த தடை. உலகப் பாரம்பரியச் சின்னமாக 2010இல் அறிவிக்கப்பட்ட ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதக் காடுகளின் உயரமான பகுதிகளும் அந்தக் கோட்டுக்கு மேலே தப்பியவைதான்.

காபிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக் கொழுந்து வாரந்தோறும் துளிர்ப்பது, அதனால் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடியேறியது அப்போதுதான். விடியுமுன் தப்பொலி கேட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை வாசிக்கும் பெயருக்குக் குரல் கொடுத்து, எந்த மலை, எந்த நிரை என்று அறிந்து ஏற வேண்டும். நாள் முடிவில் கொழுந்து நிறுவை குறைந்தால் ‘அரைப்பேர்’தான், அரைநாள் கூலி. வீடு என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அப்படிப் பத்துப் பன்னிரண்டு ஒட்டிய லயம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் கூரையும் போகும். மலையகத்தின் கல்வி, கூத்து, சங்கம் எல்லாவற்றையும் பற்றி விரிவாக எழுதலாம். ஆனால் நிலத்தின் வரலாற்றுக்கு இந்தக் காம்பராவின் உரிமைதான் மையம். நான்கு தலைமுறை ஒரே மலையில் உழைத்த குடும்பத்தின் பெயரில் அம்மலையில் ஒரு சாண் இருந்ததில்லை.

எனவே 1948இல் நடந்ததைத் திடீரென்று வந்த அநீதியாகப் பார்ப்பது பிழை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டத்தில் யாரிடம் அது இருக்கும்? முந்தைய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஏழு இடம் தந்த மக்கள் அடுத்த ஆண்டே நாடற்றவர் ஆனார்கள். 1840இல் கண்டி விவசாயியிடம் கேட்ட காகிதத்தை, இப்போது அந்த விவசாயியின் பெயரால் ஆண்டவர்கள் தோட்டத் தொழிலாளியிடம் கேட்டார்கள். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு. அந்த மிச்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கண்டி விவசாயியின் நிலம் பறிபோனது உண்மைதானே, அதைத் தோட்டத் தமிழரிடமிருந்து மீட்பதில் என்ன தவறு என்பது சிங்கள அரசியலில் நெடுநாள் இருந்த வாதம். குறை நியாயமானது, முகவரி தவறு. எடுத்தவர்கள் கம்பெனிகளும் அரசும். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது கைமாறியது உடைமை மட்டுமே. தொழிலாளிக்குத் துண்டு நிலமும் வரவில்லை. 1977இல் தோட்டக் காணியை எடுத்துப் பங்கிடுவதை எதிர்த்த டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பெனிகளிடம் போயின. காடழிந்த சரிவில் களையை வழித்துச் சுரண்டியதால் மண் கரைந்தது. அந்தச் சரிவிலேயே லயங்கள் நின்றன. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எழுந்து வேறிடம் போக நிலம் வேண்டும். வீடொன்றுக்கு ஏழு பேர்ச் அளவு காணி என்ற திட்டங்கள் அதன் பிறகே வேகம் பெற்றன, இன்னும் பெரும்பாலோரை எட்டவில்லை.

1964, 1974 பங்கீட்டில் இந்தியாவுக்கு என்று ஆகி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை, பிறந்த பிள்ளைகளோடு சேர்த்தால், நாலரை இலட்சத்துக்கு மேல் என்பார்கள். 1984இல் கப்பல் நின்றது. இவர்களுக்கு வேலை தரத் தமிழக அரசு தேர்ந்த வழிகளில் ஒன்று கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் காட்டை வெட்டித் தேயிலை நடுவது; 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. தெரிந்த தொழில் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. நிலம் வனத்துறையுடையது, வீடு கழகத்துடையது என்ற ஏற்பாடும் அப்படியே வந்து சேர்ந்தது. கழகம் நட்டத்தில் ஆழ்ந்த பின், 2022இல் ஈராயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டநிலத்தை அரசு வனத்துறைக்கே திருப்பியளித்தது. யானை வழித்தடங்களைப் பார்த்தால் அந்த முடிவைக் குறை சொல்வது கடினம். ஓய்வுபெற்ற தொழிலாளி கழக வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த நிலத்தின் மற்றொரு வழக்கு; அதைத் தீர்க்கப் புது வீடுகளுக்கு மானியம் என்று அரசு அறிவித்தது.