பழுதான வாகனத்தை இழுத்துச் செல்லக் கூலி எவ்வளவு? பேரம் பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இறக்காமத்திலும் வரிப்பத்தான்சேனையிலும் வாகனம் வைத்திருப்பவர்களில் அதிகமானோருக்கு அது சொகுசுப் பொருளல்ல. ஓட்டோ, பட்டா லொறி, சிறிய வேன் எதுவாக இருந்தாலும் வீட்டின் அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. யுத்தத்தில் உழைப்பாளியை இழந்த குடும்பங்கள் பல, லீசிங்கில் எடுத்த ஒரு வாகனத்தை வைத்தே மறுபடி எழுந்தன. அந்த வாகனம் நடுவீதியில் நின்றால் திருத்தச் செலவுக்கு முன்பே வந்து நிற்பது இழுவைக் கூலி. அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை எமது வாசகர்களுக்காக இங்கே தொகுக்கிறேன்.

இழுக்கும் வழிகள்

முதலாவது, கயிறு அல்லது சங்கிலி. செலவு குறைவு, ஆபத்து அதிகம். இயந்திரம் ஓடாதபோது பிறேக் இறுகும், ஸ்டியரிங் பாரமாகும். பின்னால் இருப்பவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, டொலி. இது இரண்டு சில்லுகள் கொண்ட சிறிய இழுவை வண்டி. பழுதான வாகனத்தின் முன் சில்லுகள் இரண்டும் அதன்மேல் ஏறும். பின் சில்லுகள் வீதியில் உருளும். அமெரிக்காவில் யூ-ஹோல் போன்ற நிறுவனங்கள் இதை நாளொன்றுக்கு 50 டொலரை அண்டிய தொகைக்கு வாடகைக்குக் கொடுக்கின்றன. இழுக்கும் வாகனமும் சாரதியும் எரிபொருளும் வாடகைக்கு எடுப்பவருடையவை. எங்கள் பக்கத்தில் டொலியை மட்டும் தனியாக எடுத்துச் செல்லும் வழக்கமில்லை. ஆளோடும் வாகனத்தோடும் சேர்த்துத்தான் கூலி பேசுகிறோம்.

மூன்றாவது, கரியர். வாகனம் முழுவதையும் மேலே ஏற்றிச் செல்லும் லொறி. கூலி கூட, பாதுகாப்பும் கூட.

எந்த வாகனத்துக்கு எது?

வெகனார், அக்குவா போன்றவற்றில் இயந்திரம் முன் சில்லுகளைச் சுழற்றுகிறது. முன் சில்லுகளைத் தூக்கிவிட்டால் டொலியில் கொண்டுபோகலாம்; கைப்பிறேக்கை விடுவிக்க மறக்கக் கூடாது. ஹையேஸ் வேனுக்குப் பின் சில்லுகளில்தான் இழுவிசை. அதன் முன்பக்கத்தைத் தூக்கி இழுப்பதானால் புரொப்பலர் சாப்டைக் கழற்ற வேண்டும். நான்கு சில்லும் இயங்கும் வாகனத்துக்குக் கரியரே நல்லது. ஓட்டோ கியர் வாகனத்தையும் ஹைபிரிட்டையும் கயிற்றில் இழுக்கவே வேண்டாம். இயந்திரம் நின்றிருக்கும்போது கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் ஓடாது. ஹைபிரிட்டில் மோட்டாரும் சேர்ந்து சுழலும். கூலியில் மிச்சம்பிடித்த காசைப்போலப் பல மடங்கு கராஜில் போய்விடும்.

கூலியில் என்னென்ன அடங்குகிறது?

புறப்படுவதற்கான அடிப்படைத் தொகை, கிலோமீற்றர் கணக்கு, ஏற்றி இறக்கும் கூலி, காத்திருப்பு, இரவு நேர மேலதிகம். இவற்றில் தகராறு வருவது கிலோமீற்றரில்தான். வாகனம் வெறுமையாக வந்து, ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. ஆகவே போக்குவரத்து இரண்டையும் கணக்கிடுவார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் கரியர் 20 கிலோமீற்றர் போய்த் திரும்பினால் 8 லீற்றர் டீசல் வேண்டும். 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபா. அப்போது செலவு 968 ரூபா. 2022 ஜூன் இறுதியில் விலை 460 ரூபாவானபோது அதே பயணத்துக்கு 3,680 ரூபா. கொழும்புப் பக்கத்திலிருந்து 350 கிலோமீற்றர் என்று வைத்தால், போய்வர 140 லீற்றர். பழைய விலையில் 16,940 ரூபா. உச்ச விலையில் 64,400 ரூபா. இது டீசல் மட்டும்தான். எனவே பழைய கூலியைச் சொல்லிப் பேரம் பேசுவதில் பயனில்லை. அன்றைய டீசல் விலையை வைத்து நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தூரத்திலிருந்து வெறுமையாகத் திரும்பும் கரியர் கிடைத்தால் கூலி குறையும். அவசரமில்லையென்றால் ஒருநாள் பொறுத்து விசாரிப்பது இலாபம். ஆனால் லாகுகலை போன்ற யானை நடமாடும் காட்டு வீதியில் இரவில் நின்றால் கூலியைப் பார்க்காதீர்கள், உயிர்தான் முதலில்.

காப்புறுதியும் லீசிங்கும்

முழுமையான காப்புறுதிகள் பலவற்றில் இழுவைச் செலவுக்கு ஒரு வரையறைத் தொகை உண்டு. அது விபத்துக்கு மட்டுமா, சாதாரணப் பழுதுக்கும் பொருந்துமா என்பதைப் பத்திரத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதியில் இதை எதிர்பார்க்க முடியாது. விபத்தென்றால், காயமடைந்தவர்களுக்காக 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பொலிசுக்கும் காப்புறுதிக்கும் அறிவித்து, படமெடுத்த பிறகே வாகனத்தை அசைக்க வேண்டும்.

தவணை தவறி வாகனத்தைத் தூக்கிச் சென்றால், அந்த இழுவைக் கூலியும் தரிப்பிடக் கட்டணமும் கடன்காரர் தலையில் ஏறக்கூடும். மொத்தமாகச் சொல்லும் தொகையை ஏற்காமல், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். திருப்தியில்லையென்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்திருங்கள். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் இலக்கம் 1935.

கூலி பேசும்போது கேட்க வேண்டியவை

மொத்தக் கூலி எவ்வளவு, அது ஒருவழியா இருவழியா? ஏற்றி இறக்குவதும் சேர்ந்ததா? வழியில் சேதமானால் பொறுப்பு யாருடையது? பற்றுச்சீட்டு உண்டா? இந்த நான்கையும் வாகனம் ஏறுவதற்கு முன் கேட்டு, பதிலைக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.