வேலியின் நீளமும் நிலத்தின் பரப்பும்

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில், கடலை நோக்கி நிற்கிறது கார்ன்வாலிஸ் கோட்டை. கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இத்தீவில், 1786 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரான்சிஸ் லைட் கரையிறங்கினார். ஆகஸ்டு 11 ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டார். காடு திருத்திய இடத்தில் அவர் முதலில் எழுப்பியது கற்கோட்டை அன்று. நிபோங் என்னும் பனையினத்து மரங்களை வெட்டி வரிசையாக நட்டு அமைத்த வேலியே ஆகும். அவ்வேலி நின்ற இடத்தில் செங்கல் மதிலை எழுப்பும் பணி 1804 ஆம் ஆண்டு தொடங்கி, 1810 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அம்மதிலைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள்.

மதிலின் உயரம் ஏறத்தாழ 10 அடி. சுற்றளவு ஏறத்தாழ 417 மீட்டர். இவ்விரண்டு எண்களையும் கேட்ட மாணவர், கோட்டைக்குள் அடங்கும் நிலத்தின் அளவும் தெரிந்துவிட்டதாக எண்ணக்கூடும். அது பிழை. சுற்றளவு மட்டும் பரப்பை உணர்த்தாது. வடிவமும் தெரிந்தாக வேண்டும். 417 மீட்டர் நீளமுள்ள மதிலைச் சதுரமாக வளைத்தால், பக்கம் ஒன்றுக்கு 104 மீட்டருக்குச் சற்றே மிகும். உள்ளே ஏறத்தாழ 10,870 சதுர மீட்டர் அடங்கும். அதே மதிலை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 13,840 சதுர மீட்டர் அடங்கும். ஒரு செங்கல்லும் கூடாமலே ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர் நிலம் கூடுகிறது. ஒரே சுற்றளவு கொண்ட வடிவங்கள் அனைத்திலும் மிகுந்த பரப்பைத் தன்னுள் அடக்குவது வட்டமே.

இவ்வுண்மை பலருக்கும் எளிதில் புலப்படவில்லை என்பதற்குப் பண்டைய கிரேக்க நாடு சான்று பகர்கிறது. மெகலோபொலிஸ் நகரின் சுற்றளவு 50 ஸ்தாதியம்; ஸ்பார்த்தாவின் சுற்றளவு 48 ஸ்தாதியம். ஆயினும் ஸ்பார்த்தாவே மற்றதைவிட இருமடங்கு பெரியது என்று எடுத்துக்காட்டினார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். இதைக் கேட்டால் மக்கள் நம்ப மறுக்கின்றனர் என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். நிலத்தைப் பங்கிடுகையில், சுற்றளவு மிகுந்தும் பரப்பில் குறைந்தும் இருக்கும் துண்டைப் பிறருக்குக் கொடுத்து ஏமாற்றியவர்களைப் பற்றிப் பிற்காலத்தில் புரோக்குலஸ் என்னும் அறிஞர் எழுதியுள்ளார். கணக்கறியாதவன் நிலத்தை இழந்தான். கணக்கறிந்தவன் பெருந்தன்மையாளன் என்ற பெயரும் பெற்றான்.

அவ்வாறாயின் கார்ன்வாலிஸ் கோட்டையை வட்டமாகக் கட்டாதது ஏன்? அது மூலைகளில் அம்புமுனைபோல் கொத்தளங்கள் நீட்டிய வடிவுடையது. இவ்வாறு முன்னும் பின்னும் மடியும் மதில், சூழும் நிலத்தை நோக்க நீளம் மிகுந்தது. உள்நோக்கி மடியும் இடத்தில் நேராக ஒரு கயிற்றைக் கட்டினால், குறைந்த நீளத்தில் கூடுதலான நிலத்தை வளைத்துவிடலாம். எனினும் பீரங்கிப் போர்க் காலத்துக் கோட்டை வல்லுநர் இவ்வடிவையே விரும்பினர். வட்ட மதிலின் அடியை நெருங்கிவிட்ட பகைவனை மதில்மேல் நிற்பவர் காண்பது அரிது. கொத்தளம் இருப்பின், ஒன்றில் நிற்பவர் அடுத்ததன் அடிவாரத்தைக் காத்து நிற்கலாம். நிலத்தின் சிக்கனத்தைக் காவலின் பொருட்டு விட்டுக்கொடுத்தனர் என்க.

இனி, கணக்கைத் திருப்பி நோக்குவோம். பரப்பு தெரியும், வேலி எவ்வளவு வேண்டும்? இதற்கும் பினாங்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சூலியர் என வழங்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் அமைக்க 1801 ஆம் ஆண்டு கம்பெனி அளித்த நிலம் 18 ஏக்கர் என்பர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதில் எழுந்தது. 18 ஏக்கர் என்பது 7,84,080 சதுர அடி. அந்நிலம் சதுரமாக இருப்பின், பரப்பின் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்க, ஏறத்தாழ 3,542 அடி வேலி வேண்டும். 300 அடி அகலமுள்ள நீண்ட துண்டாக இருப்பின் ஏறத்தாழ 5,827 அடி வேண்டும். ஆவணத்தில் ஏக்கர் ஒன்றே. வேலிக்காகும் செலவோ வேறு.

தமிழர்க்கு இச்சிந்தனை புதிதன்று. காவலாக அமைக்கும் அடைப்பையும், நிலத்தின் ஓர் அளவையும் ‘வேலி’ என்ற ஒரே சொல்லால் குறித்தது தமிழ். 12 அடிக் கோலால் அளந்த 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஆக, ஒரு வேலி நிலம் 2,88,000 சதுர அடி. அதைச் சதுரமாக அடைக்க ஏறத்தாழ 2,147 அடி அடைப்புப் போதும். வட்டமாயின் 1,902 அடி போதும். 144 அடி அகலமும் 2,000 அடி நீளமும் உடையதாயின் 4,288 அடி வேண்டும். இந்த 4,288 அடி அடைப்பைக் கொண்டு, சதுரமாக ஏறத்தாழ நான்கு வேலி நிலத்தையே அடைத்துவிடலாம் என்பது எண்ணத்தக்கது. வட்டத்தின் பரப்பைக் காண, சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கும் முறையைக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் கற்பித்தது. திண்ணைப் பள்ளி மாணவன் அதை மனப்பாடம் செய்தான்.

கார்ன்வாலிஸ் கோட்டை பகைவரின் முற்றுகை எதையும் கண்டதில்லை. காவலுக்கென்று நீட்டப்பட்ட கொத்தளங்கள் தம் பயனைக் காட்டும் வாய்ப்பே பெறவில்லை. ஆயினும் அந்த நீளத்துக்கான விலை முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. அதைக் கொடுத்தவர்கள், தாய்நாட்டிலிருந்து கடல் கடந்து கொணரப்பட்டு, வெயிலில் செங்கல் சுமந்த கைதிகள். வரைபடத்தில் ஒரு கோடு மடியும்போது, களத்தில் ஒருவனுடைய முதுகும் மடிகிறது. பரப்பும் சுற்றளவும் பற்றிய கணக்கைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், இந்த மதிலையும் உடன் நினைவூட்டுவாராயின், எண்களுக்குப் பின்னே மனிதர் நிற்பதை மாணவர் உணர்வர்.