நெல்லு விளையற ஊர்லேர்ந்து ஏன் கப்பலேறினாங்க?

திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணக் கூட்டத்துல கோலாலம்பூர், பினாங்குன்னு பேச்சு காதுல விழும். அவங்க முன்னோர் ஏன் அங்கே போனாங்கன்னு கேட்டா, 'பஞ்சம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. எனக்கு அந்தப் பதில் பத்தலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல காவிரிப் பாசனம் இருந்த தஞ்சை, மற்ற மாவட்டங்கள் அளவுக்கு அடிபடவில்லை. ஆனாலும் இந்தப் பக்கத்து ஜனங்க தரங்கம்பாடி, காரைக்கால் தாண்டி நாகப்பட்டினம் போய் ஆயிரக்கணக்கில் மலாயாவுக்குக் கப்பலேறியிருக்காங்க.

தண்ணி இருந்தது, நிலம்தான் அவங்களோடது இல்லை. வயல் மிராசுதாரர்களிடம். உழுதது பண்ணையாட்கள், பெரும்பாலும் தலித்துகள். வாங்கின கடன் அப்பனோட முடியாது, பிள்ளை தலையிலும் விடியும்.

அப்போதான் ரப்பர் தோட்டத்திலிருந்து கங்காணி வருவார். பெரும்பாலும் அதே பக்கத்து ஆள், அதனால நம்பினாங்க. முன்பணம் கொடுப்பார், ஆள் சேர்த்தா தலைக்கு இவ்வளவுன்னு அவருக்குக் கமிஷன். (நம்ம ஐடி கம்பெனி 'ரெஃபரல் போனஸ்' ஞாபகம் வருதா? ஆனா சேர்த்துவிட்டவன் நம்மை மேய்க்க வரமாட்டான்!) 1907ல் மலாயாவில் குடியேற்ற நிதி ஏற்பட்டதும், தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்திலிருந்தே கப்பல் செலவும் நடந்தது.

அங்கே போய் சுகப்பட்டாங்களான்னா, இல்லை. மலேரியா, பாம்பு, கங்காணியின் அதிகாரம். ஆனா கூலி காசா கைக்கு வந்தது. ஊர்ப் பண்ணையில் பெரும்பாலும் நெல்லாத்தான் அளந்தாங்க.

கூலிக் குறைப்புத் தகராறில் 1938ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை நிறுத்தியது. தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952ல்.