வெண்மைக்குள் மஞ்சள்: கிருஷ்ணகிரிப் பாறை ஓவியப் படங்களில் டோன் வளைவின் நிறமாற்றம்

ஒரே பாறையில் ஓர் உருவம் தூய வெண்மையாகவும் பக்கத்து உருவம் மஞ்சள் படர்ந்த வெண்மையாகவும் ஒளிப்படத்தில் தெரிந்தால், அவை இரு நிறமிகள், ஆகவே இரு காலத்துக் கைகள் என்று முடிவுகட்டும் வாசிப்பு ஒன்று உண்டு. ஊத்தங்கரையிலிருந்து பர்கூர், கிருஷ்ணகிரி வரை பரந்து கிடக்கும் கருங்கல் குன்றுகளின் ஓவியங்களுக்கு இவ்வாசிப்பு பெருங்கேடு செய்யும். கீழ்வாலைப் பாறை ஓவியங்களில் செந்நிறம் மேலோங்குகிறது. இங்கோ வெண்ணிறமே பெரும்பான்மை. எனவே வெள்ளைக்குள் தெரியும் மெல்லிய சாயலின்மேல் காலவரிசை முழுவதையும் ஏற்றிவிட நேர்கிறது. அச்சாயலில் ஒரு பகுதியேனும், கேமராவின் மூலத் தரவான ரா கோப்பைப் படமாக்கும்போது ஒளி அளவுகளை மாற்றியமைக்கப் போடப்படும் டோன் வளைவில் பிறப்பது என்பதே என் வாதம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. வி. ராமன் 1970களின் இறுதியில் வெளிக்கொணர்ந்த, இப்பகுதியைச் சேர்ந்த மல்லப்பாடி ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இரு குதிரை வீரர்கள் எதிரெதிரே பொருதும் காட்சி அது. இருவரும் ஒரே வேளையில் தீட்டப்பட்டவர்களா, ஒருவர் பின்னர் சேர்க்கப்பட்டவரா என்ற கேள்விக்கு ஒளிப்படத்தின் நிறம் சான்றாகுமா?

ரா கோப்பில் சென்சார் பதிந்த அளவுகள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வெள்ளை நிறமி பூசிய ஓரிடத்தில் சிவப்பு 0.50, பச்சை 0.45, நீலம் 0.40 என்று வைத்துக்கொள்வோம். சிவப்புக்கும் நீலத்துக்குமான விகிதம் 1.25. இனி 0.18 என்னும் நடுச் சாம்பலை அசையாப் புள்ளியாகக் கொண்டு, மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே 1.5 அடுக்கு கான்ட்ராஸ்ட் ஏற்றினால் அவை ஏறத்தாழ 0.83, 0.71, 0.60 ஆகின்றன. விகிதம் 1.40க்குத் தாவுகிறது, நிறச்செறிவு 20 விழுக்காட்டிலிருந்து 28க்கு ஏறுகிறது. நிறத்தைக் கூட்டும் எந்தக் கருவியையும் இங்கே நாம் தொடவில்லை.

எக்ஸ்போஷரை உயர்த்தும்போது நேர்வது இதனினும் கவலைக்குரியது. அதே இடத்தை 2.22 மடங்கு வெளுப்பாக்கினால் சிவப்பு 1.11 ஆகி உச்சவரம்பில் வெட்டுப்படுகிறது. பச்சை ஏறத்தாழ 1.00, நீலம் 0.89. ஆரஞ்சுச் சாயலாக, நிற வட்டத்தில் 30 பாகையில் இருந்தது 60 பாகைக்கு, அதாவது முழு மஞ்சளுக்கு, நகர்ந்துவிடுகிறது. இன்னும் சற்று ஏற்றி 2.5 மடங்காக்கினால் மூன்றும் 1.00, தூய வெள்ளை. குதிரை வீரர் ஒருவர்மேல் மற்றவரைவிடக் கூடுதல் வெயில் விழுந்திருந்தால் போதும், ஒரே நிறமி ஒரே படத்தில் இரு வேறு வெள்ளைகளாகத் தெரியும். உச்சத்தை மெல்ல வளைக்கும் நவீன வளைவுகளில் இம்மாற்றம் மென்மையாக நிகழ்கிறது. ஆனால் போகும் திசை அதுவே. நிழலில் விழும் வானொளியின் நீலம் தனிச் சிக்கல். அதை இங்கே விரிக்கவில்லை.

வளைவைப் போடும் முறை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அடோபியின் டிஎன்ஜி மாதிரி நிரல் மூன்றில் பெரியதையும் சிறியதையும் மட்டும் வளைவில் செலுத்தி, நடுவிலுள்ளதை இடைக்கணிப்பால் பெறுகிறது. இதனால் நிறப்பாகை காக்கப்படுகிறது, செறிவு மாறவே செய்கிறது. ரா தெரபி என்னும் ரா செயலாக்க மென்பொருளில் ஒரே வளைவுக்குப் பல முறைகள் உள்ளன. அதுபோன்ற மென்பொருளான டார்க்டேபிளின் ஃபில்மிக் கூறு, நிற விகிதத்தைக் காக்கும் தெரிவுகளைத் தருகிறது. இவற்றில் எது பயன்பட்டது என்று குறிப்பிடாத படத்தின் மஞ்சளை நிறமியின் மஞ்சள் என்று நான் ஏற்கமாட்டேன்.

பாறை ஓவியப் படங்களுக்கான டிஸ்ட்ரெட்ச் மென்பொருள் நிறங்களைப் பிரித்துக் காட்டுகிறதே எனலாம். அக்கருவி தனக்குக் கொடுக்கப்பட்ட படத்தின் நிறத் தொடர்புகளைக் கணித்து வேறுபாடுகளைப் பெரிதாக்குகிறது. மங்கிய உருவத்தை மீட்க அதற்கு இணையில்லை. ஆனால் வளைவு உண்டாக்கிய வேறுபாட்டையும் அது அதே நேர்மையோடு பெரிதாக்கும். வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பதில் அதிகம் நிற்கத் தேவையில்லை: வளைவுக்குப் பின் செய்தால் அது ஒரு பிரகாச நிலையை மட்டுமே சமன்செய்யும்.

களத்தில் கண்ணுக்கே மஞ்சள் தெரிந்தது என்பார்க்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். தெரிந்திருக்கலாம். அப்போது மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்த பதிவு இருக்க வேண்டும். இருந்தால் அதுவே சான்று, ஒளிப்படம் அதற்குத் துணை மட்டுமே. கருங்கல் குவாரிகள் நிறைந்த மாவட்டம் இது. சில பாறைகளுக்கு ஒளிப்படமே கடைசிச் சாட்சியாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. எனவே நிறப்பட்டையுள்ள அளவுகோலோடு எடுத்த ரா கோப்பும், வளைவு ஏறாத நேர்விகிதப் படமும், செயலாக்கக் குறிப்பும் வெளியீட்டோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும்.

இதனால் இப்பகுதி ஓவியங்கள் எல்லாம் ஒரே காலத்தவை என்று ஆகிவிடாது. உருவம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது நிறத்தைச் சாராத சான்று. அது அப்படியே நிற்கிறது. எந்த உருவங்களுக்கிடையே நேர்விகிதப் படத்திலும், ஒரே ஒளியில் எடுத்தபோதும் நிற விகிதம் வேறாக இருக்கிறதோ, அவற்றைத்தான் முதலில் நிறமியின் தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும்.